பழைய கேசிங்கில் புதிய கேமிங் கணினி: முதலில் சுவிட்சைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய இரும்புக் கடையிலோ வீட்டுப் பரணிலோ மஞ்சளித்துப்போன கணினிக் கேசிங் (வெளிப்பெட்டி) ஒன்று அகப்பட்டால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். அந்தக் காலத்துத் தகட்டின் தடிப்பு இன்றைய மலிவான கேசிங்குகளில் இல்லை.

மதர்போர்ட்டும் (கணினியின் பிரதான மின்சுற்றுப் பலகை) கேசிங்கும் ஒன்றோடொன்று பொருந்துவதற்கான பொது அளவுமுறையான ஏடிஎக்ஸ் அமைப்பு 1995இல் வந்தது. அந்த அமைப்பிலான கேசிங் என்றால் புதிய மதர்போர்ட் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். அதற்கு முந்திய ஏடி வகை என்றால் பின்தகட்டை வெட்ட நேரும். 17 சென்ரிமீற்றர் சதுரமான மினி ஐடிஎக்ஸ் போர்ட் வாங்கினால் இடநெருக்கடி இராது.

ஏடி கேசிங்குகள் பலவற்றின் முன்பக்க சுவிட்சில் 230 வோல்ற் மின்சாரம் நேரடியாக ஓடியது. அந்த வயர்களை முழுவதுமாகக் கழற்றிவிடுங்கள். சுவிட்சும் அழுத்தினால் அழுந்தியே நிற்கும் வகை. நீங்கள் விரலை எடுக்கவில்லை என்று கருதி, புதிய போர்ட் சில விநாடிகளில் கணினியை நிறுத்திவிடும். அழைப்புமணிக்குப் போடுவது போன்ற, விட்டதும் மீளும் சிறு சுவிட்சைப் பழைய பொத்தானுக்குப் பின்னால் பொருத்துங்கள்.

ஹார்ட் டிஸ்க் கூட்டின் ரிவெட்டுகளைத் துளைத்து அகற்றினால் நீளமான கிராபிக்ஸ் கார்ட்டுக்கும் முன்பக்க விசிறிக்கும் இடம் கிடைக்கும். நமது சித்திரை வெயிலில் அந்த விசிறி கட்டாயம் வேண்டும். வெட்டிய விளிம்புகளுக்கு அன்றே பெயின்ற் பூசுங்கள். இங்குள்ள உப்புக்காற்றில் வெறும் இரும்பு விரைவில் துருவேறும்.