கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றைக் கொடுப்பது: அன்றாடக் கீழ்ப்படிதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தான் கீழ்ப்படியவில்லை என்ற எண்ணமே இஸ்ரவேலின் ராஜாவான சவுலுக்கு இல்லை. 1 சாமுவேல் 15-ஐ நிதானமாக வாசித்தால் இது தெரியும். அமலேக்கியருக்குரிய எல்லாவற்றையும், ஆடுமாடுகள் உட்பட, தப்பவைக்காமல் அழிக்கவேண்டும் என்பது அவனுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை. போர் முடிந்து வந்தவன், தீர்க்கதரிசி சாமுவேலைக் கண்டதும் கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றிவிட்டேன் என்று முந்திக்கொண்டு சொல்கிறான். அப்படியானால் என் காதில் விழுகிற ஆடுகளின் சத்தம் என்ன என்று சாமுவேல் கேட்கிறார். நல்ல ஆடுமாடுகளைக் கர்த்தருக்குப் பலியிடத்தான் தப்பவைத்தோம் என்று பதில் வருகிறது. பலியைவிடக் கீழ்ப்படிதலே உத்தமம் என்ற வசனம் இந்த இடத்தில்தான் சொல்லப்படுகிறது.

நம் தவறுகளும் பெரும்பாலும் இந்த வகைதான். ஆண்டவர் கேட்டதை ஒதுக்கிவிட்டு, நமக்குச் சுலபமான வேறொன்றை மனப்பூர்வமாகவே அவருக்குக் கொடுத்துவிடுகிறோம். கேட்டது அநேகமாக இன்னொரு மனிதருக்குச் சேரவேண்டியதாக இருக்கும். நாம் கொடுப்பது கோயிலுக்குப் போகும்.

கூலியை எடுத்துக்கொள்வோம். கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கையை, முதல் தேதியே தனியாக எடுத்துவைக்கிற வீட்டில், பாத்திரம் கழுவும் அக்காவின் சம்பளம் பத்தாம் தேதிவரை இழுபடுகிறது. கடைப் பையன் முன்பணம் கேட்டால் முகம் சுளிக்கிறோம். கொத்தனாருக்குத் தரவேண்டிய மீதியை, ஏதோ ஒரு சுவர் சரியில்லை என்று சொல்லி நிறுத்திவைக்கிறோம். பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. அந்தக் கூக்குரல் சேனைகளின் கர்த்தருடைய செவிகளில் பட்டுவிட்டது என்றும் அதே வசனம் சொல்கிறது. காணிக்கைப் பையில் எவ்வளவு போட்டாலும் அந்தச் சத்தம் அடங்காது.

புத்தாண்டு ஆராதனையில் நமக்குக் கிடைக்கும் வாக்குத்தத்த வசனங்களில் ஏசாயா 58:11-க்குத் தனி இடம் உண்டு. நீர்ப்பாய்ச்சலான தோட்டம், வற்றாத நீரூற்று என்று எவ்வளவு ஆறுதலான வார்த்தைகள்! அந்த அட்டையைச் சட்டகத்தில் போட்டுச் சுவரில் மாட்டிவைக்கிறோம். ஆனால் அந்த அதிகாரத்தை மேலிருந்து வாசித்துப் பாருங்கள். உபவாசம் பண்ணுகிற நாளிலும் வேலைக்காரர்களைக் கசக்கிப் பிழிகிற ஜனங்களைப் பார்த்துத்தான் தீர்க்கதரிசி பேசுகிறார். நுகத்தடியை உடை, பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடு, வஸ்திரமில்லாதவனுக்கு உடுத்தக் கொடு. இத்தனைக்கும் பிறகுதான் அந்த நீரூற்று வருகிறது. வாக்குத்தத்த அட்டை எடுப்பது தவறல்ல. அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடுவதுதான் தவறு.

மாற்கு 7-இல் இயேசு இன்னும் நேரடியாகப் பேசுகிறார். பெற்றோருக்குச் செய்யவேண்டிய உதவியைக் 'கொர்பான்' என்று காணிக்கையாக்கிவிட்டால் போதும், இனி அவர்களுக்கு எதுவும் செய்யவேண்டியதில்லை என்று ஒரு வழக்கம் இருந்தது. அவர் அதைக் கடுமையாகக் கண்டித்தார். ஊழியத்துக்கு மாதாமாதம் அனுப்பிவிட்டு, அம்மாவின் மருந்துச் செலவுக்குத் தம்பியைக் கை காட்டுகிறவர்கள் அந்தப் பகுதியை ஒருமுறை சத்தமாக வாசிப்பது நல்லது.

அடுத்தது, ஜெபத்தைக் காட்டித் தள்ளிப்போடுவது. 'அண்ணனோடு பேசுவதற்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்' என்று வருஷக்கணக்கில் சொல்கிறோம். மத்தேயு 5:24-இல் வரிசை தெளிவாக இருக்கிறது: காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ, முதலில் ஒப்புரவாகு, அப்புறம் வந்து செலுத்து. பேசப் பலம் தாரும் என்று ஜெபிக்கலாம். பேசவேண்டுமா என்று கேட்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

நெருக்கடியில் எடுத்த தீர்மானத்தை நெருக்கடி தீர்ந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்வது இன்னொரு பெரிய தவறு. எரேமியா 34-இல் இதற்கு ஒரு பயங்கரமான உதாரணம் இருக்கிறது. பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. அப்போது சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் ஜனங்களும் உடன்படிக்கை செய்து, எபிரெய அடிமைகளை விடுதலையாக்குகிறார்கள். எகிப்தின் சேனை வருகிறது என்று கேள்விப்பட்டு முற்றுகை கொஞ்சம் விலகுகிறது. உடனே விடுவித்த அதே ஆட்களைப் பிடித்து மறுபடியும் அடிமையாக்குகிறார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் செய்த பொருத்தனையும் கடன் நெருக்கத்தில் செய்த தீர்மானமும் டிஸ்சார்ஜ் ஆனபிறகு என்ன ஆகின்றன என்று நமக்குத் தெரியும். கைவிட்டது வெறும் பக்திப் பழக்கமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. விடுதலையான ஒரு மனிதர் மறுபடியும் பழைய கட்டுக்குள் போகிறார் என்றால் அது அவருக்கு இரட்டை வேதனை.

சபையாகச் சேர்ந்து செய்யும் தவறையும் சொல்லாமல் விடமுடியாது. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமையை உடனடியாக, முழுமையாகக் கைவிட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் கோயிலைவிட்டே விலகினார்கள். பாட்டு, ஜெபம், ஞாயிறு ஆராதனை எல்லாம் அவர்களுக்குச் சம்மதம்தான். பக்கத்தில் உட்காருவதும் திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுவதும்தான் கஷ்டமாக இருந்தது. இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் தனித்தனியாக இருக்கிறது. பெண் பார்க்கும்போது 'விசுவாசக் குடும்பம்' என்ற சொல்லுக்குப் பின்னால் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. இந்த விஷயத்தில் பொறுமையாகப் போகவேண்டும் என்கிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. காத்திருக்கச் சொல்லப்படுவது எப்போதும் ஒரே தரப்பினர்தான்.

கீழ்ப்படிதலை அடுத்தவர்மேல் சுமத்துவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்கிற எபேசியர் 5:22 மனப்பாடமாக இருக்கும் வீட்டில், ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் 21-ஆம் வசனம் ஞாபகத்தில் இருப்பதில்லை. அடிபட்டு வரும் பெண்ணிடம் அடங்கிப் போ என்று வசனம் சொல்லி அனுப்புவது கீழ்ப்படிதலைப் போதிப்பது ஆகாது. அவளைப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பதுதான் அந்த நேரத்தில் சபை கீழ்ப்படியும் விதம்.

இதையெல்லாம் கேட்டு, சரியாகச் செய்தால்தான் ஆண்டவர் ஏற்றுக்கொள்வார் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியிருந்த வரிவசூல்காரன் சகேயுவின் வீட்டுக்கு அவர் போனது அவன் கணக்குத் தீர்த்தபிறகு அல்ல. முதலில் அவர் மரத்தடியில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாகத் திருப்பி என்பதெல்லாம் அந்தச் சந்தோஷத்தில் அவனாகச் சொன்னது. கிருபை முன்னால் போகிறது. நாம் பின்னால் போய்க் கணக்கைச் சரிசெய்கிறோம்.

அந்தக் கணக்கை எப்படிச் சரிசெய்வது என்பதற்கும் எண்ணாகமம் 5-இல் வழிமுறை இருக்கிறது. முதலில் பாவத்தை அறிக்கையிடவேண்டும். பிறகு, எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தோமோ அவரிடமே கொடுக்கவேண்டும். அவர் இல்லையென்றால் அவருடைய நெருங்கிய உறவினரிடம். வாங்கிக்கொள்ள அப்படி ஒரு உறவினரும் இல்லாவிட்டால்தான் அந்தப் பணம் ஆசாரியனிடம் போகிறது.