நன்கொடை ரசீதுக்குப் பதிலாக விளம்பர ரசீது

ஊர் விளையாட்டு மன்றத்துக்காகக் கடைக்காரர்களிடம் பணம் கேட்கும்போது நன்கொடையாகக் கேட்காமல், இறகுப்பந்துத் திடலின் கம்பிவேலியில் ஆறடிக்கு மூன்றடி அளவில் ஓராண்டுக்கு விளம்பர இடம் தருவதாகச் சொல்லி, 'விளம்பரக் கட்டணம்' என்றே ரசீது எழுதிக் கொடுங்கள். நன்கொடைக்கு வரிக்கழிவு கிடைக்க வேண்டுமானால் மன்றத்துக்கு 80ஜி என்று அறியப்படும் வருமான வரித்துறை அங்கீகாரம் இருக்க வேண்டும். ஊர் மன்றங்கள் பலவற்றுக்கு அது இருப்பதில்லை. விளம்பரக் கட்டணமோ, கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் உண்மையிலேயே பலகையில் இருந்தால், வணிகச் செலவாகக் கணக்கில் ஏறிவிடும் என்பதால், கடைக்காரருக்குக் கொடுக்க மனம் வரும். ரசீதில் பலகையின் அளவு, இடம், காலம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, மாட்டிய பலகையின் படத்தையும் சேர்த்துக் கொடுப்பது மிக அவசியம். அவருடைய கணக்காளர் கேட்கப்போவது அதைத்தான்.

விற்றுமுதலில் குறிப்பிட்ட விழுக்காட்டை லாபமாகக் காட்டி வரி கட்டும் சிறு கடைகள் செலவைத் தனியாகக் கழிக்க இயலாது. அவர்களுக்கு இந்தக் காரணம் பொருந்தாது. திடல் ஊராட்சிக்குச் சொந்தமானதென்றால், முன் அனுமதி பெறாமல் எந்தப் பலகையையும் மாட்டக் கூடாது.