காரைக்குடிக்குக் குடிவருபவர்களுக்கு: அடுப்படியும் மின்கட்டணமும்

மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் செட்டிநாட்டுப் பக்கம் குடிவருபவர்கள் முதலில் விசாரிப்பது வீட்டு வாடகையை. மின்கட்டணம் வந்த பிறகுதான் மற்றதெல்லாம். இங்கே ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் நீங்கள் கண்வைக்க வேண்டிய எண் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட். அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல் என்று நினைத்துவிடாதீர்கள். 500-க்குள் நின்றால் ஆரம்ப யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த விலையும் போய்விடும், தொகை எகிறும். ஒரு மாதம் முடிந்ததும் மீட்டரை எட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

எது அதிகம் இழுக்கிறது? சுற்றும் கருவிகள் கொஞ்சம்தான் இழுக்கும். சூடாக்கும் கருவிகளிடம்தான் எச்சரிக்கை வேண்டும். 150 வாட் கிரைண்டர் நாற்பது நிமிடம் இட்லி மாவு அரைத்தாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். 2,000 வாட் கீசர் அதே அளவை மூன்றே நிமிடத்தில் முடித்துவிடும். கரண்டுக்குப் பயந்து கடை மாவு வாங்குபவர்கள், கீசரை மட்டும் காலை முழுவதும் ஓடவிடுவதன் நியாயம் எனக்குப் பிடிபடவில்லை.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து கொண்டுவரும் ரைஸ் குக்கரின் சதுர முனை பிளக் இங்கே நுழையாது. இங்குள்ளவை உருண்டை முனைகள். இண்டக்‌ஷன் அடுப்பு, கீசர் போன்றவற்றைத் தடித்த முனையுள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் செருக வேண்டும். முற்றம் வைத்துக் கட்டிய பழைய செட்டிநாட்டு வளவு வீட்டை வாடகைக்கு எடுத்தால், அடுப்படி வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் காட்டாமல் இண்டக்‌ஷன் வாங்காதீர்கள். வாங்கினாலும், ஆச்சி தந்த பித்தளைப் பாத்திரமும் அலுமினியச் சட்டியும் அதில் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். குழிப்பணியாரக் கல் இரும்பாகவே இருந்தாலும் குழிகள் கீழே துருத்தி நிற்பதால் சரியாக உட்காராது, அதற்கு கேஸ்தான்.

கேஸை மிச்சம் பிடிக்கும் வித்தையைக் கவுனி என்னும் கறுப்பு அரிசியில் பழகலாம். ஊறவைக்காமல் போட்டால் எத்தனை விசில் விட்டாலும் நறுக்கென்று நிற்கும். இரவே கழுவி ஊறவைத்துவிடுங்கள். விடிவதற்குள் தண்ணீர் கத்தரிப்பூ நிறமாகியிருக்கும். அதைக் கொட்டாமல் அதிலேயே குக்கரில் வையுங்கள். முதல் விசில் வந்ததும் தணலைக் குறையுங்கள். பெரிய தணலில் விசில் மேல் விசிலாக அடிப்பதால் சோறு சீக்கிரம் வேகாது, ஆவிதான் வீணாகும். அணைத்த பிறகு வெயிட்டைத் தூக்காதீர்கள். பிரஷர் தானாக அடங்குவதற்குள் உள்ளே இன்னும் கொஞ்சம் வெந்துவிடும். பிறகு சர்க்கரை, தேங்காய்த் துருவல், நெய். பருப்பு, கொண்டைக்கடலை எல்லாவற்றுக்கும் ஊறவைத்து, முதல் விசிலில் தணலைக் குறைக்கும் இதே வழிதான்.

தணல் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரி பிடித்தால் பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். சூடான குழம்பை ஆறவைத்த பிறகே ஃபிரிட்ஜில் வையுங்கள். மிளகாய், மல்லி, வற்றலை முற்றத்து வெயில் பார்த்துக்கொள்ளும். இந்த ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.

முன்னோருக்கான படைப்பு, அறுபதாம் கல்யாணச் சாந்தி என்று வீடு நிறைய ஆள் வரும் நாளில் மட்டும் உங்கள் 14.2 கிலோ சிலிண்டரை நம்பி இறங்காதீர்கள். சமையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பின்கட்டில் விறகடுப்பு மூட்டி அவரே பார்த்துக்கொள்வார்.