தளம் மாறிய பிறகும் தேடலில் பழைய முகவரியே வருகிறதா?

இணையதளத்தைப் புதிய டொமைனுக்கு மாற்றியாயிற்று. கூகுளில் தேடினால் பழைய முகவரிதான் வந்து நிற்கிறது. அதை நீக்கச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். வேண்டாம். அந்தப் பக்கம் இத்தனை நாளாகச் சேர்த்த பெயர், மற்ற தளங்கள் அதற்குக் கொடுத்த இணைப்புகள் எல்லாம் பழைய முகவரியின் கணக்கில்தான் இருக்கின்றன. நீக்கச் சொன்னால் அவை புதியதற்கு வந்து சேராது. பழையதைப் புதியதற்குத் திருப்பிவிட்டால் தேடுபொறி தானே மாற்றிக்கொள்ளும். அப்படி மாறாவிட்டால் எங்கோ ஏதோ தடுக்கிறது என்று பொருள்.

முதலில் பழைய முகவரி என்ன பதில் தருகிறது என்று பாருங்கள். பிரவுசரை நம்ப வேண்டாம். முன்பு பார்த்த ரீடைரெக்டை (ஒரு முகவரியை இன்னொன்றுக்குத் திருப்பிவிடுவதை) நினைவில் வைத்துக்கொண்டு ஏமாற்றிவிடும். டெர்மினலில் கர்ல் கட்டளையைப் பெரிய எழுத்து ‘ஐ’ தெரிவோடு (curl -I, அடுத்துப் பழைய முகவரி) ஓட்டினால் சர்வர் அனுப்பும் ஹெடர், அதாவது பதிலின் தலைப்புத் தகவல், மட்டும் வரும். முதல் வரியில் நிரந்தர மாற்றத்தைக் குறிக்கும் 301 அல்லது 308 இருக்க வேண்டும், லொகேஷன் வரியில் புதிய முகவரி இருக்க வேண்டும். 302 அல்லது 307 வந்தால் அது தற்காலிக மாற்றம். ‘திரும்பி வந்துவிடுவோம்’ என்று நீங்களே சொல்லும்போது கூகுள் பழையதைப் பட்டியலில் வைத்திருப்பதில் வியப்பில்லை. 200 (‘பக்கம் இங்கேயே இருக்கிறது’) வந்தால் பழைய ஹோஸ்டிங்கில் தளத்தின் நகல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ரீடைரெக்ட் பக்கத்துக்குப் பக்கம் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் புதிய முகப்புப் பக்கத்துக்குத் தள்ளிவிடுவதுதான் அதிகம் நடக்கிற தவறு. தேடியவர் கேட்ட விஷயம் முகப்பில் இருக்காது. கூகுள் அதைப் ‘போலி 404’ (404 என்றால் ‘பக்கம் இல்லை’) என்று கணக்கிட்டு ஒதுக்கிவிடும். பழைய முகவரி ஒரு பத்தியிலும் புதியது அடுத்த பத்தியிலுமாக ஒரு எக்செல் பட்டியல் போடுங்கள். பழைய முகவரிகளைப் பழைய சைட்மேப் (தளத்தின் பக்கப் பட்டியல்), தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கை, சர்வர் லாக் (யார் எதைக் கேட்டார்கள் என்ற பதிவு) மூன்றிலிருந்தும் எடுங்கள். சைட்மேப்பில் இல்லாத பிடிஎஃப்களும் படங்களும் லாக்கில்தான் அகப்படும். புதிய தளத்தில் இணையே இல்லாத பக்கத்துக்கு 404 அல்லது 410 (‘நீக்கப்பட்டுவிட்டது’) கொடுப்பது நேர்மையான பதில்.

எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ், அங்கிருந்து புதிய டொமைன், அங்கிருந்து இறுதிச் சாய்கோடு உள்ள முகவரி என்று சங்கிலியாகப் போக விடாதீர்கள். கூகுளின் பாட் (பக்கங்களைப் படித்துச் செல்லும் நிரல்) 10 தாவல் வரை தொடரும் என்றாலும் ஒரே தாவலில் முடிப்பதே நல்லது.

ரீடைரெக்ட் சரியாக இருந்தும் மாறவில்லையா? பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான் காரணம்.

பழைய டொமைனின் ரோபோட்ஸ் கோப்பில் (எங்கே வரலாம், எங்கே கூடாது என்று பாட்களுக்குச் சொல்லும் robots.txt) தடை போட்டிருப்பார்கள், ‘இனி இங்கே வராதே’ என்ற நல்லெண்ணத்தில். பாட் உள்ளே வர முடியாவிட்டால் 301 இருப்பதே அதற்குத் தெரியாது; பழைய பதிவு அப்படியே உறைந்துவிடும்.

பழைய டொமைனின் எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். பாதுகாப்பு இணைப்பு ஏற்பட்ட பிறகுதான் சர்வர் 301 சொல்ல முடியும். சான்றிதழ் செல்லாதபோது பேச்சு அங்கேயே முறிந்துவிடலாம். தளம் காலியாக இருந்தாலும் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

புதிய தளத்தில், சோதனைக் காலத்தில் போட்ட நோஇண்டெக்ஸ் (‘தேடலில் சேர்க்காதே’ என்ற குறி) அப்படியே கிடக்கும். புதியதை உள்ளே விடாமல் பழையது வெளியேறாது.

நான்காவதுதான் கண்ணில் படாதது: புதிய பக்கத்தின் கேனானிக்கல் குறி (அசல் முகவரி எது என்று சொல்வது) பழைய டொமைனையே காட்டிக்கொண்டிருக்கும். 301 ‘அங்கே போ’ என்கிறது, அங்கே போனால் ‘அசல் இங்கே இல்லை’ என்கிறது பக்கம். வேர்ட்பிரஸ் போன்ற தளங்களில் டேட்டாபேஸுக்குள் பழைய முகவரி ஒட்டிக்கொண்டிருப்பதால் இப்படி ஆகும். புதிய பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பழைய டொமைன் பெயரைத் தேடிப் பாருங்கள். உள் இணைப்புகளிலும் இருக்கும்.

இவை சரியானபின், சர்ச் கன்சோலில் பழைய தளம், புதிய தளம் இரண்டையும் ஒரே கணக்கில் உரிமையாளராகச் சரிபார்த்து, பழைய தளத்தின் அமைப்புகளில் உள்ள முகவரி மாற்றக் கருவியை ஓட்டுங்கள். டொமைன் அல்லது துணை டொமைன் மாறும்போதுதான் இது. எச்டிடிபிஎஸுக்கு மாறுவதற்கோ, ஒரே டொமைனுக்குள் கோப்புறை மாறுவதற்கோ இது தேவையில்லை, 301 போதும். புதிய சைட்மேப்பைக் கொடுங்கள்; பழைய சைட்மேப்பையும் சில வாரம் விட்டு வையுங்கள். பழைய முகவரிகளைப் பாட் மறுபடி வந்து பார்க்க அது உதவும்.

சர்ச் கன்சோலில் உள்ள நீக்கல் கருவியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது சுமார் 6 மாதம் மறைத்து வைக்கும், அவ்வளவுதான், நிரந்தரமாக நீக்காது. அதோடு, ஒரு முகவரியை மறைத்தால் அதன் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளது, இல்லாதது என எல்லா வடிவமும் சேர்ந்து மறையும். எச்டிடிபிஎஸுக்கு மாறிவிட்டுப் பழைய எச்டிடிபி பக்கத்தை நீக்கச் சொன்னால் புதிய பக்கமும் காணாமல் போகும். ரகசியத் தகவல் வெளியே வந்துவிட்டது போன்ற அவசரத்துக்கு மட்டும் அதைத் தொடுங்கள்.

மாறிவிட்டதா என்று பார்க்க ‘சைட்’ கட்டளையை (கூகுளில் site: போட்டு டொமைன் பெயரைத் தேடுவதை) பயன்படுத்தினால் வீண் கவலைதான் மிஞ்சும். பழைய டொமைனை நீங்களே பெயர் சொல்லிக் கேட்பதால், புதியதற்கு மாறிய பிறகும் கூகுள் அதை வெகுநாள் காட்டும். பழைய முகவரியை சர்ச் கன்சோலின் யூஆர்எல் ஆய்வில் போட்டு, கூகுள் தேர்ந்தெடுத்த கேனானிக்கல் எது என்று பாருங்கள். அதுதான் உண்மை நிலவரம். நடுத்தர அளவுள்ள தளத்தில் பெரும்பாலான பக்கங்கள் மாற சில வாரம் ஆகும், பெரிய தளத்தில் இன்னும் கூடும்.

பழைய தளம் இலவசச் சேவையில் இருந்து, 301 போட வழியே இல்லாவிட்டால், பக்கத்தின் ஹெட் பகுதியில் 0 விநாடி மெட்டா ரிஃப்ரெஷ் (பக்கம் திறந்ததும் வேறு முகவரிக்கு அனுப்பும் குறி) வையுங்கள். கூகுள் அதை நிரந்தர ரீடைரெக்டாகவே எடுத்துக்கொள்கிறது. பழைய தளம் உங்கள் கையிலேயே இல்லை, பக்கமும் அழிந்துவிட்டது, தேடல் முடிவுகளில் மட்டும் தொங்குகிறது என்றால் கூகுளின் காலாவதி உள்ளடக்கக் கருவியில் யார் வேண்டுமானாலும் கோரிக்கை கொடுக்கலாம். பக்கம் உயிரோடு இருந்து உள்ளடக்கம் மட்டும் மாறியிருந்தால், முன்பு இருந்து இப்போது இல்லாத ஒரு சொல்லை அதில் குறிப்பிட வேண்டும்.

பிங், யாண்டெக்ஸ் தேடுபொறிகளுக்கு இண்டெக்ஸ்நவ் (மாறிய முகவரிகளைத் தேடுபொறிக்கு உடனே தெரிவிக்கும் முறை) வழியாகப் பழைய, புதிய முகவரிகள் இரண்டையும் அனுப்பலாம். கூகுள் அதில் சேரவில்லை.

ரீடைரெக்டைக் குறைந்தது 1 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். பழைய டொமைனை அதற்குப் பிறகும் புதுப்பித்து வருவதே நல்லது. கைவிட்டால் வேறு யாராவது வாங்கி, உங்கள் பழைய இணைப்புகளில் வருகிறவர்களுக்குத் தங்கள் கடையை விரிப்பார்கள்.