வீடியோ ஆலோசனையில் மொழிபெயர்ப்பாளர்: மருத்துவ மாணவர் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயாளியின் மொழி தெரியாத மாணவர் வீடியோ ஆலோசனையில் தடுமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் மருத்துவ அறிவுக் குறைவு அல்ல. யாரைப் பார்த்துப் பேசுவது, எங்கே நிறுத்துவது என்பது அவருக்குப் பழகியிருக்காது. விரிவுரையால் அது பழகவும் பழகாது.

எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒத்திகை பார்ப்பதுதான் பயிற்சியில் முதல் தவறு. அங்கே ஒலித் தாமதம் கிடையாது, குரல்கள் மோதாது, இணைப்பும் அறுபடாது. மாணவர், நோயாளியாக நடிப்பவர், தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் மூவரையும் மூன்று அறைகளில் தனித்தனிக் கருவிகளோடு உட்கார வையுங்கள். நடுவில் ஒருமுறை வீடியோவை வேண்டுமென்றே துண்டியுங்கள். மாற்றுத் தொலைபேசி எண்ணை முன்பே வாங்கி வைக்காத மாணவர் அப்போது விழிப்பார்; அந்தப் பாடம் மறக்காது.

நோயாளி இணையும் முன் மொழிபெயர்ப்பாளரிடம் இரண்டு நிமிடம் பேசாமல் விடுவது அடுத்த தவறு. எதற்கான ஆலோசனை, கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருக்குமா, என்னென்ன கலைச்சொற்கள் வரும், நோயாளியின் வட்டார வழக்கு அவருக்குத் தெரியுமா என்பதெல்லாம் அப்போதே பேசிவிட வேண்டியவை.

“அவருக்கு எப்போதிலிருந்து வலி என்று கேளுங்கள்” என்று மாணவர் சொன்ன அந்த நொடியே நோயாளி மூன்றாம் மனிதர் ஆகிவிடுகிறார். “உங்களுக்கு எப்போதிலிருந்து வலிக்கிறது?” என்று நோயாளியிடமே கேட்க வேண்டும். திரையில் நோயாளியின் முகத்தைக் கேமராவுக்குக் கீழே பெரிதாக வைத்துக்கொண்டால் பார்வை தானாக அங்கே போகும். மொழிபெயர்ப்பாளர் பேசும்போதும் கண் நோயாளி மேலேயே இருக்கட்டும். முகச்சுளிப்பு அப்போதுதான் தெரியும்.

“காலையும் இரவும் ஒவ்வொன்று, சாப்பிட்ட பிறகு, தலைசுற்றினால் நிறுத்திவிடுங்கள், அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை.” ஒரே மூச்சில் நான்கு தகவல். இதில் ஏதோ ஒன்று நிச்சயம் விடுபடும். ஒன்றிரண்டு வாக்கியம் சொல்லி நிறுத்த வேண்டும். மொழிபெயர்ப்பு முடிந்த பின்னும் ஒரு நொடி பொறுக்க வேண்டும். தாமதமாக வரும் ஒலியில் குறுக்கே பேசினால் இருவர் பேச்சும் சிதையும். மாத்திரை அளவைச் சொல்வதோடு எழுத்திலும் அனுப்புங்கள்.

வீட்டார் பக்கத்திலேயே இருப்பதால் அவர்களையே மொழிபெயர்க்க விடும் ஆசை வீடியோவில் அதிகம். 1980-இல் ஃபுளோரிடாவில், ஸ்பானிய மொழி பேசும் குடும்பம் ஒன்று, நோயுற்ற தங்கள் வீட்டு இளைஞரைப் பற்றி, சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் ‘இன்டாக்சிகாடோ’ என்று சொன்னது. மருத்துவர்கள் அதைப் போதை மருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த 18 வயது இளைஞருக்கு மூளையில் ரத்தக்கசிவு, கைகால்கள் செயலிழந்தன. தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் எவரும் அழைக்கப்படவில்லை. மாணவருக்கு அந்த மொழி அரைகுறையாகத் தெரிந்தாலும் இதே ஆபத்துதான். பிள்ளைகளை மொழிபெயர்க்கச் சொல்வது அறவே கூடாது.

“புரிந்ததா?” என்றால் “புரிந்தது” என்றுதான் பதில் வரும். “இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள், சொல்லுங்கள்” என்று கேட்கப் பழக்குங்கள்.

சைகை மொழி என்றால், திரைப் பகிர்வின்போது மொழிபெயர்ப்பாளரின் படம் சுருங்கிவிடும். அவருடைய கைகள் நோயாளிக்குத் தெளிவாகத் தெரிகின்றனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒத்திகை முடிந்ததும் மொழிபெயர்ப்பாளரை அனுப்பிவிட்டு ஆசிரியரும் மாணவரும் மட்டும் அலசுவதை நிறுத்துங்கள். எந்த வாக்கியம் நீண்டது, எந்தச் சொல்லுக்கு அந்த மொழியில் ஈடே இல்லை என்பது அவருக்குத்தான் தெரியும்.