கிளியூர் அருவிக்கு நடந்து போகிறவர்களுக்கு

ஏற்காட்டு ஏரி நிரம்பி வழிந்து போகும் தண்ணீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. ஏரி வழியாவிட்டால் அருவியும் இல்லை. பங்குனி, சித்திரையில் போனால் வெறும் பாறையைத்தான் பார்க்க முடியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் தை வரை நல்ல காலம். ஆனால் அடைமழை பெய்த மறுநாளே இறங்காதீர்கள். இரண்டு நாள் வெயிலில் படிகள் காயட்டும். வெள்ளம் அதிகமானால் தடை போட்டுவிடுவார்கள் என்பதால், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

சேலத்திலிருந்து காலை பஸ்ஸிலேயே ஏறிவிடுங்கள். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. வயிறு புரட்டுகிறவர்கள் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏரியிலிருந்து அருவி சுமார் 3 கி.மீ. பெரும்பகுதி சாலை, கடைசியில் செங்குத்தாக 200-க்கும் மேற்பட்ட படிகள்.

மலைக்கோயில் என்றால் முதலில் ஏறி, பிறகு இறங்குவோம். இங்கே தலைகீழ்: தெம்பு இருக்கும்போது இறங்கிவிட்டு, களைத்த பிறகு ஏற வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டு, அதில் பாதியை ஏற்றத்துக்கென்று தொடாமல் வையுங்கள். இறங்க அரை மணி ஆனால் ஏற ஒரு மணி நேரம் என்று கணக்கிட்டு, பிற்பகல் 3 மணிக்குள் திரும்பத் தொடங்குங்கள். ஐப்பசியில் மாலை இடிமழை சகஜம்.

இறங்கும்போது முழங்காலைச் சற்று மடக்கி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். காலை விறைப்பாக ஊன்றினால் மறுநாள் மாடிப்படிகூட இறங்க முடியாது. பாசி பிடித்த பாறையில் செருப்பு வழுக்கும். அடியில் பள்ளம் பள்ளமான ரப்பர் உள்ள ஷூ வேண்டும். ஓடையில் கால் வைத்தாலும் ஷூவைக் கழற்றாதீர்கள். வெறுங்கால் பாறையிடுக்கில் சிக்கினால் எலும்பு முறியும். தெளிந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாகி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் மேலே மழை பெய்கிறது என்று அர்த்தம். அந்த நொடியே கரையேறி, உயரமான இடத்துக்குப் போய்விடுங்கள்.

மழைக்காலத்தில் அட்டை இருக்கும். பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸின் மேல் உப்பு தேயுங்கள். கடித்த அட்டையைப் பிய்த்து இழுக்காமல், வாய்ப் பக்கம் நகத்தை நுழைத்து நகர்த்தினால் விட்டுவிடும். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது. அதனால் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவித் துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

காபித் தோட்டங்களில் காட்டெருமை மேயும். செல்ஃபிக்காகக் கிட்டே போகவே கூடாது. அது தலை நிமிர்ந்து உற்றுப் பார்த்தால் நின்றுவிட்டு, மெதுவாகப் பின்வாங்குங்கள். குறுக்கு வழி என்று எஸ்டேட்டுக்குள் நுழைய வேண்டாம், அது தனியார் நிலம். பாதையை விட்டுக் காட்டுக்குள் நடப்பதென்றால் வனத்துறை அனுமதி கட்டாயம். 2018-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் மாண்ட பிறகு இந்த விதிகள் இறுகின.