கணினியில் இடம் போதவில்லையா? முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்

இங்கே சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை தொடங்கினால் எனக்கு இப்படி ஓர் அழைப்பாவது வரும்: "அண்ணே, சி டிரைவ் சிவப்பாயிடுச்சு. தேக்காவுலதான் இருக்கேன். அப்படியே சிம் லிம் ஸ்குவேர் போய் ஒரு எஸ்எஸ்டி வாங்கிடட்டுமா?" வேண்டாம், எஸ்எஸ்டி என்ற சேமிப்புச் சாதனத்தை வாங்குமுன் வீட்டுக்குப் போய்க் கணினியின் மூடியைத் திறந்து உள்ளே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்பேன். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல், எந்த இடத்தில் எது பொருந்தும் என்று பார்க்காமலே கடையில் போய் நின்றதால் வந்தவை.

அதிகம் பேர் தடுமாறுவது எம்.2 எனப்படும் சின்னப் பலகை வடிவ எஸ்எஸ்டியில்தான். 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். உறையில் 2280 என்று போட்டிருப்பது அந்த அளவைத்தான். ஆனால் ஒரே வடிவத்துக்குள் இரண்டு சாதி இருக்கிறது. ஒன்று சாட்டா, நொடிக்குச் சுமார் 550 மெகாபைட்டோடு நின்றுவிடும். இன்னொன்று என்விஎம்இ, மூன்றாம் தலைமுறையே 3,500 வரை போகும். தங்க நிற முனையைப் பாருங்கள். சாட்டாவில் பெரும்பாலும் இரண்டு வெட்டு இருக்கும், என்விஎம்இயில் பெரும்பாலும் ஒன்று. பழைய மதர்போர்டுகள் (எல்லாவற்றையும் செருகும் தாய்ப்பலகைகள்) சில இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்கும். மடிக்கணினிகள் சிலவற்றில் 2242 அல்லது 2230 என்ற குட்டை அளவுக்குத்தான் இடம். ஆப்பிளின் எம் வரிசை மேக்புக்குகளில் சேமிப்பு மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே வெளியே செருகும் டிஸ்க் ஒன்றுதான் வழி.

பொருந்தியே விட்டாலும் மதர்போர்டின் கையேட்டை ஒருமுறை புரட்டுங்கள். பக்கத்து புளோக்கில் ஓர் அக்கா, மகன் புது எம்.2 போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது என்று பதறிப்போய் அழைத்தார். பையன் பயத்தில் சாப்பிடக்கூட இல்லை. போய்ப் பார்த்தால் டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. அந்த எம்.2 இடத்தை நிரப்பினால் ஐந்தாம், ஆறாம் சாட்டா வாய்கள் (டிஸ்க் கேபிள் செருகும் இடங்கள்) அணைந்துவிடும் என்று கையேட்டில் ஒரு சின்ன அட்டவணை. பழைய டிஸ்க்கின் கேபிள் ஆறாவதில் இருந்தது. இரண்டாவதுக்கு மாற்றினேன், எல்லாம் திரும்ப வந்தது.

எம்.2வைப் பிடித்து நிறுத்தும் கடுகு போன்ற திருகு பல சமயம் மதர்போர்டின் பெட்டியில்தான் இருக்கும், எஸ்எஸ்டியோடு வராது. பெட்டியை வீசிவிட்டவர்கள் கடையில் அதையும் கேட்டு வாங்குங்கள்.

இப்போது சொல்லப்போவதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை பழுதாகி வேறொன்று மாற்றினேன். பழைய கேபிள்கள் உள்ளே அழகாகக் கட்டியிருந்தன. அவற்றைக் கழற்றாமல் புதியதில் செருகிவிட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது. பொத்தானை அழுத்தியதும் 'டிக்' என்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகும் வாடை, இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் போயின. டிஸ்க்கில் செருகும் முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஆனால் பவர் சப்ளையில் செருகும் முனையில் எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர், சில நேரம் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் டிஸ்க் தாங்காது. அப்பா தேவாரம் பாடிய ஒலிப்பதிவுகள் அதில் இருந்தன, வேறெங்கும் நகல் இல்லை. எந்தப் பவர் சப்ளையோடு வந்த கேபிளோ, அதை மட்டுமே அதில் செருகுங்கள்.

ஆகவே திருகாணிச் சுழற்றியைக் கையில் எடுப்பதற்கு முன்பே முக்கியமான கோப்புகள் கணினிக்கு வெளியே ஓரிடத்தில் இருக்க வேண்டும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியையும் எழுதி வைத்துவிடுங்கள். பிறகு சுவரில் சுவிட்சை அணைத்து, உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் இறங்க கேஸின் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். 1982இல் ஹார்ட் டிஸ்க் நிறுவனமான சீகேட் இங்கே தயாரிப்பைத் தொடங்கிய பின் உலகின் ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும் பங்கு இந்தச் சின்னத் தீவில்தான் உருவானது. என் அம்மாவும் ஓர் ஆலையில் மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டிக்கொண்டு வேலை பார்த்தவர். சர்க்யூட்டில் விரல் பட்டால் இன்றைக்கும் அதட்டுவார்.

புது டிஸ்க் விண்டோஸில் தெரியவில்லை என்று உடனே திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற விண்டோஸ் கருவியில் அதை இனிஷியலைஸ் செய்ய, அதாவது முதல் பயன்பாட்டுக்குத் தயார்படுத்த வேண்டும். டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் முறையாக ஜிபிடி என்பதைத் தேர்ந்தெடுங்கள், பழைய முறையான எம்பிஆர் 2 டெராபைட்டுக்கு மேல் காட்டாது. ஆனால் பழைய டிஸ்க்கைக் காட்டி இனிஷியலைஸ் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் கைவைக்காமல் மூடிவிடுங்கள், உள்ளே இருப்பதைத்தான் இழப்பீர்கள். 1 டெராபைட் வாங்கினால் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, அவர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1,024ஆல்.

ஏமாற்று வேறு இடத்தில் நடக்கிறது. 16 டெராபைட் வெளிப்புற எஸ்எஸ்டி முப்பது வெள்ளி என்று இணையத்தில் வரும். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு, பெரிய அளவு காட்டும்படி மாற்றிவிட்டிருப்பார்கள். கொள்ளளவு தாண்டியதும் புதிய படங்கள் பழையவற்றின் மேலேயே எழுதப்படும், பிறந்தநாள் காணொளியைத் தேடும் அன்றுதான் தெரியும். எச்-டூ-டெஸ்ட்-டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்து உண்மை அளவைச் சொல்லிவிடும். உள்ளூர்க் கடையில் வாங்கினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 2012 செப்டம்பர் முதல் இங்கே, பழுதான பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் தெரியும் பழுது, வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். ஆனால் உங்கள் கணினிக்குப் பொருந்தாததை நீங்களே தேர்ந்தெடுத்திருந்தால் அது பழுது ஆகாது. மூடியைத் திறந்து பாருங்கள் என்று நான் நச்சரிப்பது அதற்கும்தான்.

எல்லாம் மாற்றி முடித்த அன்றிரவே பழைய டிஸ்க்கை அழித்துவிடாதீர்கள். ஒரு மாதம் புதியதில் ஓட்டுங்கள்; படங்கள், பிள்ளைகளின் பள்ளிக் கோப்புகள், வரிக் கணக்கு என ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். அதுவரை பழையதைக் கேமரா வைக்கும் டிரை பாக்ஸில், ஈரம் படாமல் வைத்திருங்கள்.